மூன்றாவதாகக் கேட்ட படிப்பு

அன்று பரவை மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கடைக்கார அண்ணன். வந்திருக்க வேண்டிய மூன்று பேர் வரவில்லை. அம்மா கூப்பிடு தூரத்தில், காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்; அரைநாள் வராமல் போனால் மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அக்கா கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் சாருக்குக் காலையிலிருந்து ஆறு தடவை போன் அடித்துவிட்டேன். அவர் எடுக்கவில்லை.

பொறியியல் கலந்தாய்வு என்பது இப்போது யாரும் நேரில் போய் நிற்கிற காரியம் இல்லை. மதிப்பெண்ணை வைத்து ஒரு ரேங்க் வரும். அதற்குப் பிறகு, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசையாக ஒரு பட்டியல் போட வேண்டும். மூன்று நாள் தருவார்கள். மூன்றாம் நாள் மாலையோடு பட்டியல் பூட்டிக்கொள்ளும். நாங்கள் போனது மூன்றாம் நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு.

முதல் இரண்டு நாள் என்ன செய்தோம் என்று கேட்டால், பயந்துகொண்டிருந்தோம். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அக்கா எட்டாவதோடு நின்றாள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும், எண்களை வாசிக்கவும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியதில்லை என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழ் என் பையில் இருந்தது. அதைக் காட்டினால் படிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு குறையும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் முழுக் கட்டணமும் இல்லை என்றார்கள். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. ஆக, ஒரு பங்குதான்.

எனக்கு வேண்டியது என்ன என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எலெக்ட்ரிக்கல். அதிலும் மதுரைக்குள் இருக்கிற ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல். கட்டணம் கொஞ்சம்தான். வீட்டிலிருந்து ஒரே டவுன் பஸ். என் ரேங்குக்கு அது கிடைக்கக்கூடியதுதான் என்று போன வருடத்துக் கணக்கைப் பார்த்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் எடு என்று முடி வெட்டுகிறவரிலிருந்து கண்டக்டர் வரைக்கும் சொன்னார்கள். கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்து லேபில் மூன்று பேராக உட்கார்ந்து தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் குத்தகை நிலத்துக் கிணற்று மோட்டாரை எனக்குத் தெரியும். பதினொன்றாவது படிக்கும்போது ஒருநாள் ஸ்டார்ட்டர் இழுக்காமல் நின்றுவிட்டது. ஒயர்மேன் வருவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மெயினை இறக்கிவிட்டு, மூடியைக் கழற்றி, கருகிக் கிடந்த கான்டாக்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நான்தான் ஓட வைத்தேன். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எலெக்ட்ரிக்கல் என்பது எங்கள் வீட்டில் 'கரண்டுப் படிப்பு' ஆகிவிட்டது. அப்பாவுக்கும் அதுதான் ஆசை.

ஆசையில் எந்தச் சண்டையும் இல்லை. அதைக் கேட்கிற முறையில்தான் எல்லாம் நடந்தது.

அப்பாவின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குத்தகை நிலம் ஒரு ஏக்கர் இருந்தாலும், அவர் சம்பாத்தியம் காய் வாங்கி விற்பதில்தான். விடியும் முன்பே மொபெட்டை எடுத்துக்கொண்டு சுற்று வட்டாரத் தோட்டங்களுக்குப் போவார். வாங்கி வந்து பரவை மார்க்கெட்டில் போடுவார். சின்ன வயதில் லீவு நாட்களில் நானும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். கத்திரிக்காய் வாங்கத்தான் போவார். ஆனால் வரப்பில் நின்றுகொண்டு பாகற்கொடியைப் பார்ப்பார். "பாகல் என்னப்பா வெல?" தோட்டக்காரர் சொன்னதும் உதட்டைப் பிதுக்குவார். அடுத்து வெண்டையைக் கேட்பார். அதுவும் வேண்டாம். வண்டியை உதைக்கப் போவார். போகிற போக்கில், "அந்தக் கத்திரி கெடக்கே, அத என்ன பண்ணப் போற?" என்பார். தோட்டக்காரர் அலுத்துப்போய் ஒரு விலை சொல்வார். அந்த விலைக்குத்தான் இருபது வருடமாக எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"வேணுங்கிறத மூணாவதாக் கேக்கணும்" என்பது அவருடைய சட்டம். "மொதல்ல கேட்டா நம்ம மொகத்துலயே வெலய எழுதி ஒட்டிருவாய்ங்க."

பிரவுசிங் சென்டரில் அண்ணன் பட்டியல் பக்கத்தைத் திறந்து, "தம்பி, மொத சாய்ஸ் சொல்லு" என்றார். நான் அந்த மதுரைக் கல்லூரியின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"இருடா. அண்ணே, நமக்கு வேண்டாததா ரெண்டு மொதல்ல போடுங்க."

"வேண்டாததையா?" அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு?"

"போடுங்கண்ணே. எடுத்த எடுப்புல கரண்டக் கேட்டா, ஓகோ இவன் இதுக்குத்தான் அலையுறான்னு தெரிஞ்சுபோகும்ல?"

"யாருக்குத் தெரியும்?"

"எவனோ ஒருத்தன் அங்கிட்டு உக்காந்துதான பாக்குறான்? தன்னால நடக்குறதுக்கு இது என்ன காத்தாடியா?"

மாமா சிரித்துவிட்டார். அவர் கொத்தனார் வேலைக்குப் போகிறவர். "மச்சான், வேண்டாததப் போட்டு அதையே நம்ம தலையில கட்டிட்டாய்ங்கன்னா?"

"கட்டுனா? வேணாம்ப்பா, அடுத்தது என்னன்னு கேக்குறது. வாயா இல்ல நமக்கு?" அப்பா என் பக்கம் கண்ணடித்தார். "மாப்ள, சொன்ன வெலக்கி ஆட்டுக்கெடா வாங்கிட்டு வந்த ஆளு நீ. நீ பேசாத. ஊரே சிரிச்சுச்சு."

மாமா அந்தக் கிடா விஷயத்தில் வாயடைத்துப் போகிறவர். வெளியே டீ சொல்லப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிந்ததும் ஒரு கூட்டம் போட்டு சார் சொன்னது நன்றாக நினைவிருந்தது: மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும், எந்த வரி முதலில் கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும், கீழே இருப்பதைப் பார்க்கவே பார்க்காது, அதனால் பிடித்ததை முதலில் போடுங்கள். அதே விஷயம் அந்தத் திரையிலும் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. அந்த அறையில் அதை வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடியவன் நான். அண்ணனுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் வாசலில் இன்னும் ஏழு பேர் நின்றிருந்தார்கள். அவருக்கு எங்கள் வரிசையைப் பற்றி என்ன கவலை?

"அப்பா, பிடிச்சத மொதல்ல போடச் சொன்னாரு சாரு."

"உங்க சாரு என்னைக்குடா தோட்டத்துல போயி காய் வாங்கியிருக்காரு? ஏசிக் கடையில, எழுதி ஒட்டுன வெலக்கி பில்லு போட்டு வாங்குறவரு."

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற காரணங்கள் உண்டு. அப்பா மார்க்கெட்டில் தோற்று நான் பார்த்ததில்லை. சார் போனை எடுக்கவில்லை. நேரம் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அடியில் வேறொன்று கிடந்தது. நான் அடம்பிடித்து என் இஷ்டப்படி வரிசை போட்டு, அதனால் ஒன்றும் கிடைக்காமல் போனால், அந்தப் பழி என் தலையில் விழும். அப்பா சொன்னபடி போட்டால் விழாது. பதினேழு வயதில் அந்தக் கணக்கை நான் போட்டேன். அதை எனக்குத் தெரிந்தேதான் போட்டேன்.

"வேண்டாதது எதுடா?" என்றார் அப்பா.

"அக்ரி" என்றேன். வேளாண்மைப் பொறியியல். 

அப்பா தொடையைத் தட்டினார். "அதப் போடு. மம்பட்டி புடிக்கிறதுக்கு எவன் காலேஜுக்குப் போவான்? எங்க இருக்கு?"

"மெட்ராசுக்கு அங்கிட்டு ஒண்ணு. கடலூர்ப் பக்கம் ஒண்ணு."

"ரெண்டையும் போடு. தூரம் தொலவட்டா இருக்கணும். அப்பத்தான் வேணாம்னு சொல்ல நமக்கும் ஒரு முகாந்திரம்."

முதல் வரி, மெட்ராசுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, அக்ரி. இரண்டாவது வரி, கடலூர்ப் பக்கம், அக்ரி. மூன்றாவது வரி, எங்கள் மதுரை, எலெக்ட்ரிக்கல். அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்து வரி நானே சொன்னேன். அவற்றை அப்பா கவனிக்கவில்லை. மூன்றாவது வரியை அண்ணன் அடித்தபோது மட்டும் அவர் வேண்டுமென்றே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார், தோட்டத்தில் நிற்கிற மாதிரி.

பூட்டுவதற்கு முன் ஒரு ஓடிபி வரும். பதிவு செய்திருந்தது அப்பாவின் நம்பர். அவருடைய பட்டன் போன் சட்டைப் பையில் கூவியது. எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, ஏலத்தில் விலை கூவுகிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னார். "நாலு... ஒண்ணு... ஒண்ணு... ஏழு..." இரண்டு எண் பாக்கி இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "சைபர்... ரெண்டு." அண்ணன் தட்டினார். திரையில் பச்சையாக ஒரு டிக் வந்தது.

"முடிஞ்சுச்சா?" என்றார் அப்பா.

"பூட்டியாச்சுண்ணே. இனி பிரம்மன் வந்தாலும் தெறக்க முடியாது."

முடிவு வருகிறவரை இருந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு, சாமி, என் ரேங்குக்கு அக்ரி கிடைக்காமல் போகட்டும் என்று வேண்டினேன். ஒரு படிப்பு கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்ட பையன் அந்த வருடம் நான் ஒருத்தனாகத்தான் இருந்திருப்பேன்.

குறுஞ்செய்தி ஒரு காலை நேரத்தில் வந்தது. அப்பா மார்க்கெட்டிலிருந்தே நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டார். சட்டையில் கீரைத் தண்ணீர் காயவில்லை. அண்ணன் திறந்தார். முதல் வரி. மெட்ராசுக்கு அந்தப் பக்கம். அக்ரி.

அப்பா அண்ணனின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெடச்சிருச்சா?"

"அக்ரி கெடச்சிருக்கு" என்றேன்.

"அதான் கெடைக்கும். சரி, வேணாம்னு சொல்லிட்டு மூணாவதக் கேளு."

"கேக்க முடியாதுப்பா."

"ஏன் முடியாது? இங்கன இருக்குல்ல, நம்ம எழுதுனது?" திரையில் மூன்றாவது வரியை விரலால் தொட்டார். விரல் ஈரம் கண்ணாடியில் படிந்தது.

அப்போதுதான் நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மேலே எது கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். கீழே இருப்பது நமக்கு இனி இல்லை. இதை எடுத்துக்கொள்ளலாம், அல்லது இதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். அடுத்த சுற்றில், இந்தச் சுற்றில் எல்லோரும் எடுத்தது போக மிச்சம் என்ன கிடக்கிறதோ அதுதான். முடிவு சொல்ல இரண்டு நாள். நான் சொல்லி முடிக்கிறவரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, "இது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றாவது நினைத்தேன். அவர் கண்ணாடியில் இருந்த விரல் ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு வெளியே போய் மொபெட் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வீட்டில் அம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "மெட்ராசா? அம்புட்டு தொலவா? ஆஸ்டலுக்கு, சோத்துக்கு, போக வர?" என்றாள். "எல்லா எழவையும் நீங்களே முடிச்சுட்டு வாங்க. ஒரு வார்த்த என்னையக் கேட்டீகளா? கேக்க மாட்டீக. வெங்காயம் பொறுக்குறவளுக்கு என்ன தெரியும்னு."

அக்கா போனில் என்னைத்தான் பிடித்தாள். "ஏண்டா, அவரு படிக்காத மனுசன், சொல்லுவாரு. நீ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"பயமா இருந்துச்சுக்கா."

"இப்ப இல்லையா?"

இப்போது அதைவிட அதிகமாக இருந்தது.

சார் அன்று மாலை போனை எடுத்தார். நாங்கள் பட்டியல் போட்ட அன்று தங்கை கல்யாணத்தில் இருந்தாராம். நடந்ததை முழுக்கக் கேட்டார். "டிக்ளைன் பண்ணிட்டு அடுத்த ரவுண்டு போகலாம். ஆனா அந்தக் காலேஜுல எலெக்ட்ரிக்கல் மிச்சம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியாதுப்பா. இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எதுவுமே தோதா இல்லாமப் போனா என்னையக் குறை சொல்லக் கூடாது" என்றார். அவருக்கும் பழி என்றால் பயம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கூடப் படித்தவன் ஒருவன் வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வரச் சொன்னான். போகாமல் இருந்தால் கேட்பார்கள் என்று போனேன். குளத்தில் தண்ணீர் இருந்தது. படிக்கட்டுச் சுவரில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

"மாப்ள, ஒனக்கு என்ன?"

"எலெக்ட்ரிக்கல்."

"எங்க?"

நான் அந்த மதுரைக் கல்லூரியைச் சொன்னேன். நாக்கு தன்பாட்டுக்குச் சொன்னது.

"அடேய், கலக்கிட்ட! வீட்டுச் சோறு. நாங்கள்லாம் ஆஸ்டல்ல சாகணும். ட்ரீட்டு வையி."

மூன்று பேருக்கும் சூடாகப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். ஒருவன், "அலாட்மென்ட்டக் காட்டு மாப்ள, பாப்போம்" என்று கை நீட்டினான். போனில் சார்ஜ் இல்லை என்றேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா. மூவரும் என் சட்டைப் பையைப் பார்த்தார்கள். ஒருவன், "சார்ஜ் வந்துருச்சு போல மாப்ள" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குள் இன்னொருவன் சொன்னான்: "நீ தப்பிச்ச மாப்ள. எலெக்ட்ரிக்கல்லாம் அங்க முடிஞ்சுபோச்சாம். எங்க சித்தப்பா மகனுக்கு வேணும்னு பாத்தாய்ங்க, இல்ல."

அவன் சொன்னது உண்மையா, கேள்விப்பட்டதா என்று கேட்க முடியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பான். பஸ்ஸில் திரும்பும்போது, நாளை மாலை ஐந்து மணி வரைக்கும் மெட்ராஸ் என் கையில் இருக்கிறது, அதையும் விட்டால் கையில் ஒன்றுமே இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

கடைசி நாள் நானும் அப்பாவும் மட்டும் போனோம். மாமாவை அழைக்கவில்லை. மணி நாலரை. அண்ணன் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். திரையில் ஐந்து வழிகள் இருந்தன. முதல் வரியே கிடைத்துவிட்டதால் எங்களுக்கு உதவக்கூடியது இரண்டு. இருக்கிறதை எடு. இதை விடு, அடுத்த சுற்றுக்குப் போ.

"அப்பா, நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லித்தான் இங்க வந்து நிக்கோம்" என்றார். "இது நான் போற தோட்டம் இல்ல. நீ படிச்சவன். நீயே அமுக்கு. எது அமுக்குனாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"எலெக்ட்ரிக்கல் கெடைக்காமப் போனா?"

"போனா, போச்சு."

மெட்ராஸை எடுத்துக்கொள் என்று அவர் சொல்லியிருந்தால் நான் எடுத்துக்கொண்டிருப்பேன். விடு என்றிருந்தால் விட்டிருப்பேன். பழி போட ஆள் இல்லாமல் ஒரு பட்டனுக்கு முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மவுஸ் மேல் இருந்த என் விரல் எனக்கே தெரிகிற மாதிரி ஆடியது. அண்ணன் வாசலில் நின்றவர்களிடம், "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னார்.

விடு, அடுத்த சுற்றுக்குப் போ என்பதை அமுக்கினேன்.

அப்பாவின் போன் கூவியது. இந்த முறை அவர் கூவவில்லை. ஒவ்வொரு எண்ணையும் சொல்லிவிட்டு, நான் அடித்துவிட்டேனா என்று பார்த்து, அடுத்ததைச் சொன்னார்.

அடுத்த சுற்றுக்குக் காலியிடப் பட்டியல் வந்த அன்று அதை வீட்டில் வைத்து என் போனில் நான் மட்டும் பார்த்தேன். தெப்பக்குளத்தில் அவன் சொன்னது உண்மைதான். எங்கள் மதுரைக் கல்லூரி, எலெக்ட்ரிக்கல்: பூஜ்யம். நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு அந்தப் பூஜ்யம் வாசிக்கத் தெரியும். "வேற எங்க இருக்கு கரண்டு?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாவின் போனில் அக்கா இருக்க, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நாங்கள் வீட்டிலேயே பட்டியல் போட்டோம். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடைக்கு அங்கிட்டு ஒரு தனியார் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் இருந்தது. எங்கள் வீடு ஊருக்கு மேற்கே, அது கிழக்கே. நடுவில் மதுரை முழுவதும் கிடக்கிறது. கல்லூரி பஸ் ஆறு நாற்பதுக்குப் பரவை வழியாக வரும். "வீட்டுக்கு வந்துருவான்ல சாயங்காலம்?" என்றாள் அம்மா. "வந்துருவேன்." "அப்ப அதப் போடு." அதை முதல் வரியாகப் போட்டேன். அது கிடைத்தது. கிடைத்தது தெரிந்தும் இரண்டு நாள் நான் பத்து தடவை திறந்து திறந்து பார்த்தேன்.

கட்டணம் கட்டப் போனபோது அப்பா சலவைச் சட்டை போட்டு வந்தார். பணம் மஞ்சள் பையில் இருந்தது. முன்பணமாகக் கமிஷன் கடையில் வாங்கியது பாதி, அக்கா அனுப்பியது பாதி. கவுண்டரில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முதல் பட்டதாரிச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, குறைக்க வேண்டியதைக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தார். அப்பா கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

"அம்மா, சிவிலுக்கு எம்புட்டு?"

நான் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தேன். அந்த அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஒங்க பையனுக்கு எலெக்ட்ரிக்கல்தானே போட்டிருக்கு?"

"ஆமாம்மா. சும்மா கேக்குறேன். மெக்கானிக்கலுக்கு?"

"எல்லாத்துக்கும் ஒரே ஃபீஸ்தாங்கய்யா."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப கரண்டையே குடுங்க" என்றார்.

வேண்டாத பாகற்காய்க்கு அவர் விலை கேட்கும்போது நான் பயப்படாமல் இருந்த நாட்கள் அதோடு முடிந்தன. நான்கு வருடமும் ஒவ்வொரு பருவத்துக்கும் கவுண்டருக்கு நானே போனேன். போகிற ஒவ்வொரு தடவையும், ஏதோ ஒரு சின்ன எழுத்தை வாசிக்காமல் விட்டுவிட்டோமோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இப்போதும் எந்தத் தாளிலும் மூலையில் இருப்பதைத்தான் முதலில் வாசிக்கிறேன். லேபில் முதன்முதலாக ஒரு ஸ்டார்ட்டரைக் கழற்றச் சொன்னபோது மட்டும் கை ஆடவில்லை.

போன மாதம் கடைசிப் பருவக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா எழுத்தை விட்டுவிட்டு எண்ணை வாசித்தார். தாளை மடித்துக் கொடுக்கும்போது கேட்டார்: "மூணாவதா எழுதுனோமே, அத மொதல்லயே எழுதியிருந்தா? எம்புட்டுடா மிச்சமாயிருக்கும்?"

சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். இந்த முறையும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கல்லூரிக் கட்டணம், டவுன் பஸ், இந்தக் கல்லூரிக் கட்டணம், காலேஜ் பஸ் எல்லாவற்றையும் நான் எப்போதோ கூட்டிக் கழித்து வைத்திருந்தேன்.

"ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாப்பா."